திங்கட்கிழமைப் பிள்ளைகள்

மகளே,

நீ திருச்சிக்குப் போன பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அம்மாவிடம் தினமும் போனில் பேசுகிறாய். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தால், அப்பா சாப்பிட்டாரா என்று அவளிடமே கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். கோபத்தை வெளியே காட்டாமல் மரியாதையாகப் பேசும் இந்த வித்தையை நீ என்னிடம்தான் கற்றிருக்க வேண்டும். எனக்கு அனுப்பிய சரக்கு மட்டமாக இருந்தால் நானும் அப்படித்தான் பேசுவேன். குரல் உயராது. எதிரில் இருப்பவருக்கு மட்டும் புரியும்.

இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். நம் தெருவில் கடை வைத்திருப்பவர்களும், சங்கத்துப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன். உன் பெயரைப் போடவில்லை. எனக்கும் வயது ஏறிவிட்டது. படியேறினால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. முன்பெல்லாம் ஒரு பேரத்துக்காக அரை நாள் சலிக்காமல் பேசுவேன். இப்போது யாராவது ஏன் என்று கேட்டாலே அலுப்பாக இருக்கிறது. அதனால் இதை ஒரே தடவையில் முழுக்கச் சொல்லிவிடுகிறேன். இன்னொரு தடவை சொல்லத் தெம்பு இருக்குமா என்று தெரியவில்லை.

வெளியார் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள். நம் தெருவுக்குப் பிழைப்பு பருப்பும் பயறும். மொத்தமாக லாரியில் வந்து இறங்கும், சில்லறைக் கடைகளுக்குப் பிரிந்து போகும். வந்து இறங்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று நாங்களே எங்கள் மேல் விதித்துக்கொண்ட ஒரு காசு உண்டு. அதற்கு மகமை என்று பேர். அந்த மகமையில்தான் எங்கள் வியாபாரிகள் சங்கம் பள்ளிக்கூடம் கட்டியது. மூட்டை தூக்குகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், கடையில் எடை போடுகிறவர்கள் பிள்ளைகள் செலவில்லாமல் படிக்கட்டும் என்று. நான் இந்தத் தெருவுக்குச் சாக்கு உதற வந்தவன். என் பெயரை எழுதவே கடைக்கு வந்த பிறகுதான் பழகினேன். அந்தக் கட்டடம் எழும்பியபோது தினமும் ஒரு தடவை அதைச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போவேன். மகமை மட்டும் வாத்தியார்களின் சம்பளத்துக்குக் காணாது என்பதால் கீழ்த்தளத்தைச் சரக்கு அடுக்கும் கிட்டங்கியாகக் கட்டி வாடகைக்கு விட்டோம். கீழே மூட்டை, மேலே வகுப்பு. கிட்டங்கி சம்பாதித்துப் பள்ளியைக் காப்பாற்றும் என்பது ஏற்பாடு. இதைவிடப் புத்திசாலித்தனமான யோசனை எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு வியாபாரிக்குத் தோன்றவும் செய்யாது.

பாங்கு வேலைக்குப் பரீட்சை எழுது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ அங்கே போய் டீச்சராகச் சேர்ந்தாய். சேர்ந்த வருஷமே மூன்றாம் வகுப்பை உன் தலையில் கட்டினார்கள். மாடிப்படி ஏறினதும் முதல் அறை. அந்த வகுப்பு என்றாலே மற்ற டீச்சர்கள் சிரிப்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நீ வருவதற்கு முன்பே அதற்கு அந்தக் கெட்ட பேர் இருந்தது. அடித்துக்கொள்வது, புத்தகத்தைக் கிழிப்பது, காரணமே இல்லாமல் அழுவது, வாந்தி எடுப்பது. கருப்பையாவின் மகன் முத்து ஒருநாள் பெஞ்சையே கவிழ்த்துவிட்டான். கருப்பையா நம் கடைக்கே சுமை இறக்குகிறவர். வீட்டில் வாய் திறக்காத பையன் என்று அவர் சொல்வார். பள்ளியில் அவன்தான் பெரிய ரவுடி. இதில் வேடிக்கை என்னவென்றால், புதன்கிழமைக்கு மேல் போனால் அதே பிள்ளைகள் பூனைக்குட்டி மாதிரி இருப்பார்கள். திங்கள் வந்தால் மறுபடி தொடங்கிவிடும். எல்லாத் திங்களும் அல்ல, ஆனால் வந்தால் திங்கள்தான்.

அதற்கு ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். ரெண்டு நாள் லீவில் செல்போனைப் பார்த்துப் பார்த்துப் புத்தி கலங்கி வருகிறார்கள் என்றார் பெரிய டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கறி தின்ற மந்தம் என்றார் கணக்கு வாத்தியார். அப்பன்மார் ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டு வீட்டில் சண்டை போடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். எல்லாமே நம்பும்படியாகத்தான் இருந்தன. தப்பான காரணம் எப்போதும் நம்பும்படியாகத்தான் இருக்கும் என்பதை நான் வியாபாரத்தில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நானும் உன்னிடம் பிள்ளைகள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு பேப்பரை விரித்துக்கொண்டேன்.

நீ விடவில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வைத்தாய். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டாய். ஜன்னல் பக்கம் இருந்தவர்களைச் சுவர்ப் பக்கம் மாற்றினாய். புழுக்கம்தான் காரணமோ என்று உன் கைக்காசில் ஒரு மின்விசிறி வாங்கி மாட்டினாய். வெள்ளிக்கிழமையும் அதே புழுக்கம்தான், அன்றைக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை என்று நீயே கேட்டுவிட்டு அந்தக் காரணத்தையும் தள்ளிவைத்தாய். நீ சலித்த சலிப்புக்கு நம் கடைப் பருப்பைச் சலித்திருந்தால் ஒரு கல் மிஞ்சியிருக்காது என்று உன் அம்மாவிடம் கேலி பேசினேன். ஆனால் உன்னிடம் ஒன்று சொன்னேன், நினைவிருக்கும். சரக்கு கெட்டுப்போனால் நான் சரக்கைத் திட்ட மாட்டேன். அது எங்கே கிடந்தது, பக்கத்தில் எது இருந்தது, ஈரம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று போய்ப் பார்ப்பேன். நான் பேச்சுவாக்கில்தான் சொன்னேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். அப்படின்னா நீங்களே வந்து பாருங்கப்பா என்றாய்.

வந்தேன். சங்கத்து ஆள் என்ற முறையில் ஒரு திங்கட்கிழமை உன் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பெரியவர் வந்திருக்கிறார் என்று முதலில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தன் பென்சிலால் பக்கத்தில் இருந்தவனைக் குத்தினான். ஒரு பெண் பிள்ளை தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டது. முத்து ரெண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலை வலிக்குது டீச்சர் என்றான். சும்மா இருடா, பொய் சொல்லாத என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னதுதான் தாமதம், அவன் மேல் பாய்ந்துவிட்டான். நீ விலக்கிவிட ஓடினாய். நான் சுற்றிலும் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர், நல்ல வெளிச்சம், சுத்தமான தரை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே இறங்கும்போது எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது. வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஒரு டீ குடித்தேன்.

அந்த வாரமோ அதற்கு அடுத்த வாரமோ, சாப்பிடும்போது நீ ஒரு கதை சொன்னாய். சோழவந்தானிலிருந்து புதிதாக ஒரு பெண் உன் வகுப்பில் சேர்ந்திருக்கிறது, அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர், இப்போது இங்கே வாட்ச்மேன் வேலைக்கு வந்திருக்கிறார். அந்தப் பிள்ளை வகுப்புக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, யாரு டீச்சர் இங்க பூண்டு உரிக்கிறது என்று கேட்குமாம். மற்றப் பிள்ளைகள் அதற்குப் பூண்டு என்றே பேர் வைத்துவிட்டார்கள். அம்மா சிரித்தாள். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"தினமுமா கேக்குது?"

"இல்லப்பா, திங்கக்கெழம வந்தாத்தான். மத்த நாள்ல கேக்கிறதில்ல. ஏன்?"

"உனக்கு அந்த வாடை வரலையா?"

"எனக்கு ஒண்ணும் வரலையே. நீங்களும்தான அன்னைக்கு வந்து உக்காந்திருந்தீங்க. உங்களுக்கு வந்துச்சா?"

எனக்கும் வரவில்லை. வராது. பருப்பில் வண்டு விழாமல் இருக்க, மூட்டை அடுக்குக்குள் மாத்திரை வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். அது காற்றில் இருக்கிற ஈரத்தில் கரைந்து புகையாக மாறும், விஷப் புகை. பூண்டு மாதிரி, அழுகின மீன் மாதிரி ஒரு வாடை. நம் தெருவில் எப்போதும் ஏதாவது ஒரு கிட்டங்கியில் மாத்திரை போட்டிருப்பார்கள். நாற்பது வருஷமாக அதிலேயே கிடக்கிற என் மூக்குக்கு அது வாடையே இல்லை. அந்தச் சட்டையோடு நான் தூக்கி வளர்த்த உனக்கும் இல்லை. அந்த வகுப்புப் பிள்ளைகளும் மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான், அப்பன் மேல் வருகிற வாடை என்றுதான் அவர்களுக்குத் தெரியும். வெற்றிலைக் கொடிக்கால் காற்றில் வளர்ந்த ஒரு பிள்ளைக்குத்தான் அது மூக்கில் ஏறியிருக்கிறது. அதையும் எல்லாரும் சேர்ந்து கேலி செய்து வாயை அடைத்துவிட்டோம்.

மறுநாள் கடையைத் திறப்பதற்கு முன்பே கிட்டங்கிக்குப் போனேன். வாடகைக்கு எடுத்திருந்த செல்வத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், நல்ல பையன். எப்போது மாத்திரை போடுகிறாய் என்று கேட்டேன். அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

"புதுச் சரக்கு எறங்குற வாரம், வெள்ளிக்கெழம பள்ளிக்கூடம் விட்டப்பெறகுதாண்ணே போடுவேன். பிள்ளைக இருக்கிற நாள்ல போட்டதே கெடையாது. திங்கக்கெழம காலைல தார்ப்பாய உருவிட்டு, கதவத் தெறந்து ஆத்தி விட்டுருவேன். எம் மகளும் மேலதாண்ணே அஞ்சாப்பு படிக்கிறா. எனக்குத் தெரியாதா?"

எந்தக் கதவை என்று கேட்டேன். தெருக்கதவை அடைத்துக்கொண்டு காலையில் லாரி நிற்கும், அதனால் பின்கதவு. பின்கதவு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தக் கதவருகே நிற்க வைத்து மேலே பார்க்கச் சொன்னேன். படி நேராக உன் வகுப்பு வாசலில் போய் முடிகிறது.  அவன் அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

நீயும் நானும் குழந்தை டாக்டரிடம் போனதும் அவர் முகம் மாறியதும் உனக்குத் தெரியும். அடைத்த அறையில் அந்தப் புகை கூடினால் உயிருக்கே ஆபத்து, முதலில் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்றார். தலைவலி, வாந்தி, எரிச்சல் எல்லாம் அதனால் வரலாம் என்றார். அதனால்தான் வந்தது என்று எழுதித் தர முடியுமா என்று நீ கேட்டாய். அது உடம்பில் தங்கி நிற்கிற பொருள் இல்லை, இப்போது சோதித்தாலும் தெரியாது, எழுதித் தர முடியாது என்று சொல்லிவிட்டார். நேர்மையான மனிதர். நானும் அதே நேர்மையோடு இங்கே சொல்கிறேன். பிள்ளைகள் போட்ட சண்டைக்கெல்லாம் அந்தப் புகைதான் காரணம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

இனி நமக்குள் நடந்த சண்டைக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். அந்த வாரமே கிட்டங்கி காலியானது. வாடகை போனால் சம்பளத்துக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு, மகமையைக் கூட்டுவோம், முதலில் என் கடை கொடுக்கும் என்றேன். கட்டடப் பழுது என்று சொல்லிப் படியோரத்து அறையைப் பூட்டி வகுப்பைப் பின்கட்டுக்கு மாற்றினோம். எல்லாம் சத்தமில்லாமல் முடிந்தது. ஆனால் சங்கக் கூட்டத்தில் நீ எழுந்து நின்றாய். பெற்றவர்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றாய். சலசலப்பு வந்தது. வீட்டில் பேசிக்கொள்ளலாம், உட்கார் என்று நான் சொன்னேன். நீ உட்காரவில்லை.

"கிட்டங்கியத்தான் காலி பண்ணிட்டீங்க. பிள்ளைக மேல போட்ட பழிய எப்பப்பா காலி பண்ணுவீங்க?"

 நீ வேலையை விட்டுவிட்டுத் திருச்சிப் பள்ளிக்குப் போய்விட்டாய்.

நான் செய்தது தப்பு என்று எழுதுவேன் என நீ எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய். அன்றைக்குச் சத்தம் போட்டிருந்தால் ஆளாளுக்கு வக்கீல் வைத்திருப்பார்கள். யார் மாத்திரை, யார் கதவு, யார் கட்டடம் என்று வழக்கு நடந்துகொண்டிருக்கும், மாத்திரையும் வெள்ளிக்கிழமைகளில் விழுந்துகொண்டிருக்கும். வாயை மூடிக்கொண்டதால்தான் அவ்வளவு சீக்கிரம் நடந்தது. இதில் உனக்கு அனுபவம் போதாது. ஒரு காரியம் நடக்க வேண்டுமா, எதிராளி தலைகுனிய வேண்டுமா என்று கேட்டால், காரியம் நடக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். நாளைக்கு நீ ஒரு பள்ளிக்கே தலைமை ஏற்றாலும் இதை மனதில் வைத்துக்கொள்.

ஆனால் நீ கேட்ட கேள்வி என்னை விடவில்லை. உனக்குப் பின் வந்த டீச்சரைக் கடைப்பக்கம் பார்த்தபோது விசாரித்தேன். திங்கட்கிழமை இப்போது மற்ற நாள் மாதிரிதான் இருக்கிறது, வாந்தி இல்லை, தலைவலி இல்லை என்றார். ஒரு பையன் இன்னும் கடிக்கிறானாம், அவன் அப்படித்தானாம். எல்லாமே புகையின் வேலை இல்லை என்று அது எனக்கு ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அவர் சிரித்துக்கொண்டே, நான் ரொம்பக் கண்டிப்பா இருக்கேன் சார், அதான் அடங்கிட்டாங்க என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான் காதில் இருந்தது. பிள்ளைகள் மோசம், ஒரு கண்டிப்பான டீச்சர் வந்தார், அடங்கினார்கள். தெருவில் இப்போது இதுதான் கதை. இந்தக் கதையில் நீயும் கையாலாகாத டீச்சர் ஆகிவிட்டாய்.

முத்து அந்தப் பள்ளியில் இல்லை. நான் வந்து பார்த்த அந்தத் திங்கட்கிழமைச் சண்டைக்குப் பிறகு, புகை விஷயம் தெரிவதற்கு முன்பே, வருஷ நடுவில் அவனுக்கு டி.சி. கொடுத்தார்கள், நீ தடுத்தும் கேட்கவில்லை. இப்போது செல்லூரில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்குப் போகிறான். போன ஞாயிற்றுக்கிழமை நான் கருப்பையா வீட்டுக்குப் போனேன். சங்கத்திடம் கேட்கவில்லை, உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. முதலாளி வீடு தேடி வந்துவிட்டார் என்று அவர் பதறிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்தார். அவரையும் உட்காரச் சொல்லி, மாத்திரை, கதவு, படி என்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படுவார், கத்துவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப அவன் தலை வலிக்குதுன்னு சொன்னதெல்லாம் நெசந்தானாண்ணே?"

"நெசமாத்தான் இருந்திருக்கும் கருப்பையா."

பள்ளியிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிடும்போதெல்லாம் அவர் பாதி வேலையில் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார், கூலி போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து பையனை அடித்திருக்கிறார். பெஞ்சைக் கவிழ்த்ததற்கு இல்லையாம். தலை வலிக்குது என்று பொய் சொன்னதற்கு. உள்ளேயிருந்து அவர் மனைவி, அந்த டீச்சரம்மா மட்டும்தான் அடிக்காதீங்கன்னு வீடு வரைக்கும் வந்து சொல்லுச்சு என்றார். நீ அங்கே போனதே எனக்குத் தெரியாது.

கருப்பையா வாசல் பக்கம் திரும்பி, டேய் முத்து, இங்க வா என்று கூப்பிட்டார். சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவன் ஓடி வந்தான். அப்பா பக்கத்தில் வந்ததும் இடது கை தானாக உயர்ந்து கன்னத்தை மூடிக்கொண்டது. அவனுக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன். முகத்தில் பயம்கூட இல்லை, பழக்கம்தான் இருந்தது. கருப்பையா அந்தக் கையைப் பார்த்தார்.  சாப்பிட்டியாடா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றான், கையை எடுக்காமல்.

நான் எழுந்து வந்துவிட்டேன். திரும்பும் வழியில் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டி ரொம்ப நேரம் நின்றேன். கிட்டங்கி காலியான அன்றைக்கே நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தால், இத்தனை மாதம் அந்தக் கை கன்னத்துக்குப் போயிருக்காது. நீ கூட்டத்தில் கேட்டது இதைத்தான். எனக்குப் புரிய ஒரு வீடு வரை போக வேண்டியிருந்தது. அந்த வகுப்பில் இன்னும் எத்தனை வீடுகள் இருக்கின்றன. நான் ஒவ்வொன்றாகப் போகத்தான் போகிறேன், முழங்கால் விடுகிற வரைக்கும். வழி கேட்டுக் கேட்டுப் போக வேண்டியிருக்கிறது. உனக்குப் பாதி வீடு தெரிந்திருக்கும் போலிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருநகர் பக்கம் போகிறேன், சோழவந்தான் பிள்ளையின் அப்பா அங்கேதான் வாட்ச்மேன். அந்தப் பிள்ளையிடம், நீ சொன்ன வாடை நிஜம்தான் என்று நானே சொல்ல வேண்டும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் முன்னால் அதை யார் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அப்பா